தான் வகுத்த அறுவைக்குத் தானே நோயாளி: மைக்கேல் டிபேக்கி, வயது 97

2005 டிசம்பர் 31, சாயங்காலம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், தன் வீட்டுப் படிப்பறையில், 97 வயது இதய அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி தனியாக உட்கார்ந்து ஒரு சொற்பொழிவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். மனைவியும் மகளும் வெளியே போயிருந்தார்கள். திடீரென்று மேல்மார்பிலும் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கிழிப்பதுபோல ஒரு வலி. அது அப்படியே கழுத்துக்கு ஏறியது.

மாரடைப்பு என்றுதான் முதலில் நினைத்தார். இன்னும் சில நொடியில் இதயம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், தன் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை என்று பின்னாளில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையிடம் சொல்லியிருக்கிறார். அந்த வலி ஆளைக் கைதியாக்கிவிடும், வலி போனால் போதும், இதயம் நின்றாலும் பரவாயில்லை என்று தோன்றும் என்பது அவர் தந்த விளக்கம். ஆனால் இதயம் நிற்கவில்லை. துடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவருக்குள் இருந்த மருத்துவர் விழித்தார். இது மாரடைப்பு இல்லை, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கிறது என்று தனக்குத் தானே நோயைக் கணித்தார்.

கணிப்பு சரி. அதைச் சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் உலகத்தில் இல்லை. மார்புப் பெருந்தமனியில் ஏற்படும் இந்தக் கிழிசலுக்கு 1954ல் வெற்றிகரமாக அறுவை செய்து, அடுத்த ஆண்டே அந்த முறையை வெளியிட்டவர் அவர்தான். நோயை வகைப்படுத்தி, இன்றும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் மூன்று பிரிவுகளைக் கொடுத்தவரும் அவரே.

இந்த நிகழ்வை நான் பலமுறை படித்திருக்கிறேன். பெரும்பாலும் இதை ஒரு அதிசயமாகத்தான் சொல்கிறார்கள்: 97 வயதுக் கிழவர், ஏழு மணி நேர அறுவை, பிழைத்தார். அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இதில் கனமாகத் தெரிவது அறுவைக்கு முந்தைய 40 நாள். தமனி நோய்களில் கத்தி எடுப்பது எவ்வளவு முக்கியமோ, எப்போது எடுப்பது என்ற முடிவும் அவ்வளவு முக்கியம். அந்த முடிவு எப்படியெல்லாம் தள்ளிப்போகும், யாரெல்லாம் அதில் நியாயமாகவே தயங்குவார்கள் என்பதை இந்த ஒரு நோயாளியின் கதையில் முழுதாகப் பார்க்கலாம்.

ஊசியும் நூலும்

டிபேக்கி 1908 செப்டம்பர் 7 அன்று லூசியானா மாநிலத்தின் லேக் சார்ல்ஸ் ஊரில் பிறந்தார். பெற்றோர் லெபனானிலிருந்து குடியேறியவர்கள். அம்மா தையல் தெரிந்தவர். மகனுக்குச் சின்ன வயதிலேயே தையல் சொல்லிக்கொடுத்தார். இது பின்னாளில் எப்படி உதவியது என்பதற்குப் போகும் முன், அந்தக் காலத்தில் தமனி அறுவை எந்த நிலையில் இருந்தது என்று சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு ஏற்பட்ட தமனிக் காயங்களை டிபேக்கியும் சிமியோன் என்ற இன்னொரு மருத்துவரும் தொகுத்து 1946ல் வெளியிட்டார்கள். 2,471 காயங்கள். அதில் தமனியைத் தைத்துச் சரிசெய்ய முயன்றது வெறும் 81 பேருக்கு. மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு நடந்தது, அறுந்த தமனியை இறுக்கிக் கட்டி இரத்தத்தை நிறுத்துவது மட்டும்தான். கட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கை அல்லது காலை எடுக்க வேண்டியிருந்தது. தைத்த சிலரில் அது 36 சதவீதம். போர்க்களத்தில் காயம்பட்டு மணிக்கணக்கில் கழித்துத்தான் அறுவை மேசைக்கு வர முடிந்தது என்பதால், தைப்பது நடைமுறையில் கைகூடவில்லை. உயிர் பிழைத்தால் போதும் என்ற காலம் அது.

அடுத்த பத்து ஆண்டில் எல்லாம் மாறியது. 1951ல் பாரிஸில் சார்ல் டுபோஸ்ட் என்பவர், வயிற்றுப் பெருந்தமனியில் பலூன்போல் புடைத்த பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, இறந்த ஒருவரின் உடலிலிருந்து எடுத்த தமனியை அங்கே வைத்துத் தைத்தார். வழி திறந்தது. ஆனால் பிணத்திலிருந்து எடுத்த தமனி வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவில் கிடைக்காது. கிடைத்தாலும் சில ஆண்டுகளில் சுண்ணாம்பு ஏறிக் கெட்டுப்போகும். அதே சமயத்தில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வோர்ஹீஸ் என்ற மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். நாயின் இதயத்துக்குள் தவறுதலாக நின்றுவிட்ட ஒரு பட்டுத் தையல் நூலின் மேல், மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, பளபளப்பான உடல் திசு படர்ந்திருந்தது. நூலின் மேல் படரும் என்றால் துணியின் மேலும் படருமே! வின்யான் என்ற செயற்கைத் துணியைக் குழாயாகத் தைத்துப் பொருத்திப் பார்த்தார். 1952ல் அது வெளியானது.

டிபேக்கி ஹூஸ்டனில் ஒரு துணிக்கடைக்குப் போய் நைலான் கேட்டாராம். அன்றைக்கு நைலான் இல்லை, டேக்ரான் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது, பார்க்கிறீர்களா என்றார்கள். ஒரு கஜம் வாங்கிவந்து, மனைவியின் தையல் மெஷினில் தானே குழாயாகத் தைத்தார். அம்மா கற்றுக்கொடுத்த தையல்! அந்த டேக்ரான்தான் நிலைத்தது. நைலான் உடலுக்குள் வலுவிழந்தது, டேக்ரான் அப்படி ஆகவில்லை. அன்று கடைக்காரரிடம் நைலான் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

கிழிசல் என்றால் என்ன

பெருந்தமனி என்பது இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்படும் மூலக் குழாய். முதலில் மேலே ஏறும், பிறகு கழுத்துக்கும் கைகளுக்கும் கிளை கொடுத்தபடி வளையும், அப்புறம் முதுகெலும்பை ஒட்டி வயிறு வரை இறங்கும். அதன் சுவர் மூன்று அடுக்கு. உள்ளே வழவழப்பான மெல்லிய உறை, நடுவில் தசையும் மீள்நாரும் கலந்த தடித்த அடுக்கு, வெளியே நார்த்திசு.

உள்துணி வைத்துத் தைத்த பையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்துணி ஒரு இடத்தில் கிழிந்துவிட்டால், போட்ட சில்லறை அந்தக் கிழிசல் வழியாக இறங்கி இரண்டு துணிக்கும் நடுவே போய்ச் சேரும். பை வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பெருந்தமனியில் சில்லறைக்குப் பதில், ஒவ்வொரு துடிப்புக்கும் முழு அழுத்தத்தோடு பாயும் இரத்தம். அது நடு அடுக்கைப் பிளந்துகொண்டு நீளவாக்கில் ஓடி, தனக்கென்று ஒரு பொய்வழியை உண்டாக்கிக்கொள்ளும். அந்தப் பிளவு ஓடும் வேதனைதான் டிபேக்கிக்கு முதுகிலிருந்து கழுத்துக்கு ஏறிய வலி. நோயாளிகள் பலர் வலி இடம் மாறியதாகச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் என்ன ஆகும் என்பது பிளவு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெளி அடுக்கும் உடைந்தால், இதயத்தைச் சுற்றியுள்ள பைக்குள் இரத்தம் நிறைந்து இதயத்தை நெரித்துவிடும். பொய்வழி வீங்கி உண்மையான வழியை அமுக்கினால், மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ குடலுக்கோ காலுக்கோ இரத்தம் போகாது. இதயத்தின் வாயிலில் உள்ள வால்வு தொங்கிப்போய் இரத்தம் பின்னால் கசியலாம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் 1760 அக்டோபர் 25 காலையில் கழிப்பறையில் விழுந்து இறந்தார். அவரது மருத்துவர் பிராங்க் நிக்கல்ஸ் உடலைத் திறந்து பார்த்தபோது இதயப் பை முழுக்க உறைந்த இரத்தம், பெருந்தமனியின் உட்சுவரில் கிழிசல். இந்த நோயை விவரமாகப் பதிவு செய்த பழைய சான்றுகளில் அது ஒன்று. அதற்குப் பிறகும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு இது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில் தெரியவந்த நோயாகவே இருந்தது.

டிபேக்கியின் வகைப்பாடு இப்படி: பிளவு ஏறும் பெருந்தமனியில் தொடங்கி வளைவையும் தாண்டி இறங்கினால் முதல் வகை. ஏறும் பகுதியோடு நின்றுவிட்டால் இரண்டாம் வகை. இடது கைக்குப் போகும் கிளையைத் தாண்டி, இறங்கும் பகுதியில் தொடங்கினால் மூன்றாம் வகை. ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள் 1970ல் இதை இன்னும் சுருக்கினார்கள்: ஏறும் பகுதி சம்பந்தப்பட்டால் ஏ, இல்லையென்றால் பி. பிரிவுக்குப் பின்னால் இருப்பது சிகிச்சைதான். ஏ வகை என்றால் அறுவை, அதுவும் உடனே. பி வகையில், உறுப்புக்கு ஆபத்து இல்லாதவரை, மருந்தால் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் இறக்கிவைத்துப் பார்க்கலாம். ஏ வகையைச் சும்மா விட்டால் முதல் இரண்டு நாளில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் இறப்பார்கள் என்று பாடம் சொல்கிறது.

டிபேக்கிக்கு இருந்தது இரண்டாம் வகை.

40 நாள்

வீடு திரும்பிய மனைவியிடமும் மகளிடமும் ஏதோ தசை பிடித்துக்கொண்டது என்று சமாளித்தார். பிறகு அவரது மருத்துவர்கள் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். ஜனவரி 3 அன்று எடுத்த ஸ்கேனில் கிழிசல் உறுதியானது. ஏறும் பெருந்தமனியின் விட்டம் 5.2 சென்டிமீட்டர். அந்த இடத்தில் சாதாரணமாக மூன்று, மூன்றரை இருக்கும்.

மருத்துவமனையில் சேர அவர் சம்மதிக்கவில்லை. அறுவையும் வேண்டாம் என்றார். பிழைத்து, ஆனால் மூளையோ உடலோ முடங்கிக் கிடக்கும் நிலை வந்துவிடக் கூடாது என்பது அவருடைய பயம். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அறுவைக்குப் பின் பக்கவாதம் வந்தவர்களை, கண் திறக்காதவர்களை, அறுவைக்கூடத்துக்கு வெளியே நின்ற குடும்பங்களை அறுபது ஆண்டு நேரில் பார்த்தவர் அவர். அந்த வயதில், அந்த நிலையில் யாருக்கும் இந்த அறுவை நடந்ததில்லை. ஆகவே நல்ல முடிவு கிடைக்கும் என்று காட்ட ஒரு முன்னுதாரணமும் கிடையாது. வேண்டாம் என்று அவர் சொன்னதில் அறியாமை இல்லை.

சரி, வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து, ஓய்வு, அவ்வப்போது ஸ்கேன். ஆனால் ஓய்வு அவர் குணத்துக்கு ஒத்துவரவில்லை. ஜனவரி 6 அன்று, வலி வந்தபோது தயார் செய்துகொண்டிருந்த அதே சொற்பொழிவைப் போய் ஆற்றிவிட்டு வந்தார்! கிழிந்த பெருந்தமனியோடு மேடை ஏறிய ஒருவரைப் பற்றி இப்போது படிக்கும்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. தான் எவ்வளவு நோய்வாய்ப்பட்டிருக்கிறோம் என்பதைத் தானே ஏற்க மறுத்த நேரங்கள் உண்டு என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 23ல் வேறு வழியில்லாமல் ஹூஸ்டன் மெத்தடிஸ்ட் மருத்துவமனையில் சேர்ந்தார். அதற்குள் உடல் தளர்ந்திருந்தது, சிறுநீரகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. ஜனவரி 28 ஸ்கேனில் விட்டம் 6.6. பிப்ரவரி 9ல் 7.5. அன்று அவர் கூப்பிட்டால் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

இந்த எண்களைச் சும்மா கடந்துபோக முடியாது. குழாயின் சுவரில் ஏறும் இழுவிசை, உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் குழாயின் ஆரத்தையும் பெருக்கிய அளவுக்கு இருக்கும். அழுத்தம் மாறாமல் இருந்தால்கூட, 5.2லிருந்து 7.5 ஆகும்போது இழுவிசை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பலூன் பெரிதாகப் பெரிதாக அதன் ரப்பர் மெலிகிறதல்லவா, அதுபோலச் சுவரும் மெலிந்துகொண்டே போகும். ஆக மெலிந்த சுவரில் கூடுதல் இழுவை. ஒவ்வொரு நாளும் அடுத்த நாளை மோசமாக்கும் நோய் இது. நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவருக்குக்கூட, ஏறும் பெருந்தமனி கிழிசலே இல்லாமல் 5.5 சென்டிமீட்டர் புடைத்தாலே திட்டமிட்டு அறுவை செய்துவிடுவார்கள்.

அப்படியானால் 40 நாள் எப்படித் தாக்குப்பிடித்தார்? என் கணிப்பு: பிளவு ஏறும் பகுதியோடு நின்றது ஒரு காரணம். மூளைக்கும் குடலுக்கும் போகும் கிளைகளை அது தொடவில்லை. மருந்து அழுத்தத்தை இறக்கி வைத்திருந்தது இன்னொன்று. முதல் இரண்டு வாரத்தைக் கடந்தவர்களுக்கு உடனடி ஆபத்து கொஞ்சம் குறைவதும் உண்மைதான். ஆனால் குறைந்த ஆபத்து என்பது நின்றுபோன ஆபத்து இல்லை.

பிப்ரவரி 9 இரவு

ஜார்ஜ் நூன், டிபேக்கியோடு 40 ஆண்டு சேர்ந்து அறுவை செய்தவர். அறுவை ஒன்றுதான் இனி வழி என்று அவர் முடிவு செய்தார். குடும்பமும் அதைத்தான் விரும்பியது. ஆனால் அந்த மருத்துவமனையின் மயக்க மருந்து நிபுணர்கள் மறுத்துவிட்டார்கள். இரண்டு காரணம். இந்த வயதில், இந்த நிலையில் ஒருவருக்கு மயக்கம் கொடுத்தால் மேசையிலேயே இறந்துவிடலாம். அறுவை வேண்டாம் என்று அவர் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார் என்பது இன்னொன்று.

இதைப் படிப்பவர்கள் மறுத்தவர்கள் மேல் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரவில்லை. நோயாளி பேச முடியாத நிலைக்குப் போய்விட்ட பிறகு, அவர் முன்பே எழுதிவைத்ததுதான் அவருடைய குரல். அதை மதிக்கிறேன் என்று ஒரு மருத்துவர் சொன்னால், அது அவர் கடமை. பெரிய மனிதர் என்பதற்காக அதை மீறலாம் என்றால், நாளைக்குச் சாதாரண மனிதரின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அன்றிரவே அவசரமாகக் கூடியது. வாதம் நீண்டுகொண்டே போனது. பொறுக்கமாட்டாமல் டிபேக்கியின் மனைவி கூட்டத்துக்குள்ளேயே நுழைந்து, உடனே அறுவையைத் தொடங்குங்கள் என்று கேட்டார். கடைசியில் குழு ஒப்புதல் கொடுத்தது. முன்பு டிபேக்கியோடு வேலை பார்த்து, அப்போது வேறொரு மருத்துவமனையில் இருந்த மயக்க மருந்து நிபுணர் ஒருவர் வந்து மயக்கம் கொடுக்க ஒப்புக்கொண்டார். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் அறுவை தொடங்கியது.

மேசையில்

ஏழு மணி நேரம். ஏறும் பெருந்தமனியில் இப்படிப்பட்ட அறுவை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். நடு மார்பெலும்பை நீளவாக்கில் அறுத்துத் திறப்பார்கள். இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை ஒரு இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அந்த இயந்திரத்தில் இரத்தத்தைத் தள்ளும் உருளைப் பம்ப்புக்குப் பின்னாலும் டிபேக்கி இருக்கிறார். டுலேன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1930களின் தொடக்கத்தில், இரத்தம் ஏற்றுவதற்காக அவர் உருவாக்கிய பம்ப் அது. பின்னாளில் ஜான் கிப்பன் செய்த இதய-நுரையீரல் இயந்திரத்தில் முக்கியமான உறுப்பானது.

உடலைக் குளிர்விப்பார்கள். குளிர்ந்த மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஆக்சிஜன் தேவை குறைவு. இரத்த ஓட்டம் குறைந்தாலோ கொஞ்ச நேரம் நின்றாலோ தாங்கிக்கொள்ளும். இதயத்தை நிறுத்திவிட்டுக் கிழிந்த பகுதியைத் திறந்து, பொய்வழியில் உறைந்த இரத்தத்தை எடுத்துவிட்டு, சேதமான துண்டை வெட்டுவார்கள். பிளந்துபோன அடுக்குகளை மறுபடி ஒன்றாகச் சேர்த்துத் தைப்பதில்தான் நேரம் போகும். கிழிந்த தமனி நனைந்த காகிதம் மாதிரி. ஊசி போன துளையே இழுபட்டுப் பெரிதாகிவிடும். அதனால் தையலுக்கு அடியில் ஃபெல்ட் துணிப் பட்டையை வைத்துத் தாங்கவைப்பது வழக்கம். வால்வைத் தூக்கித் தைக்க வேண்டுமா, மாற்ற வேண்டுமா என்று அங்கேயே பார்ப்பார்கள். பிறகு வெட்டிய இடத்தில் டேக்ரான் குழாயைப் பொருத்தி, இரண்டு முனையும் சுற்றித் தைத்து, காற்றை வெளியேற்றி, மெல்லச் சூடேற்றி, இதயத்தை ஓட விடுவார்கள்.

அந்த முதல் டேக்ரான் துணியின் துளைகளை அடைக்க அந்தக் காலத்தில் நோயாளியின் இரத்தத்திலேயே ஊறவைத்து உறைய வைத்தார்கள். இப்போது ஜெலட்டினோ கொலாஜனோ பூசி, கசியாத மாதிரி ஆலையிலிருந்தே வருகிறது. மற்றபடி நூன் அன்று டிபேக்கிக்குள் தைத்தது, 1950களில் டிபேக்கி தையல் மெஷினில் தைத்ததன் நேர் வாரிசு.

பிறகு

அறுவை முடிந்ததோடு ஆபத்து முடியவில்லை. ஆறு வாரம் வென்டிலேட்டரில் இருந்தார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். சிறுநீரகம் நின்றதால் டயாலிசிஸ். வயிற்றுக்குள் நேராகக் குழாய் விட்டு உணவு. வாரக்கணக்கில் படுத்தே இருந்ததில் தசைகள் வலுவிழந்தன. கையைக் காலை அசைப்பதிலிருந்து பயிற்சியைத் தொடங்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு முறை வீட்டுக்குப் போய், இரத்த அழுத்தம் கட்டுப்படாமல் மறுபடி மருத்துவமனைக்குத் திரும்பினார். செப்டம்பரில் ஒருவழியாக வீடு. செலவு 10 லட்சம் டாலருக்கு மேல்.

அந்த ஆண்டுக் கடைசியில் 98 வயதில், மின்சார ஸ்கூட்டரில் உட்கார்ந்து, பழையபடி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். மூளை தெளிவாக இருந்தது. அவர் எதற்காக அறுவையைத் தவிர்த்தாரோ, அது நடக்கவில்லை. அறுவை செய்யாமல் விட்டிருந்தால் இறந்திருப்பேன் என்று சொன்னார். செய்தது நல்லதுதான் என்றும்.

இந்த நிகழ்வில் என் பார்வை

நெறிமுறைக் குழு சரியாக முடிவெடுத்ததா என்பதைப் பலரும் அவர் பிழைத்தார் என்பதை வைத்தே தீர்மானிக்கிறார்கள். அது முறையில்லை. அன்றிரவு மேசையில் இறந்திருந்தால், வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த முதியவரைத் துன்புறுத்தினார்கள் என்று இதே நிகழ்வைப் பேசியிருப்போம். குழுவுக்கு முன்னால் இருந்த கேள்வி, பிழைப்பாரா என்பது இல்லை. அவர் வேண்டாம் என்று சொன்னது எந்த நிலைமைக்கு என்பதுதான். ஜனவரி தொடக்கத்தில், நடமாடிக்கொண்டு, தெளிவாகப் பேசிக்கொண்டு, மருந்தில் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கையோடு அறுவை வேண்டாம் என்பது ஒன்று. இன்றிரவு அறுவை இல்லையென்றால் விடிவதற்குள் சாவு என்ற நிலையில் வேண்டாம் என்பது வேறொன்று. ஒரு வரிக் கையெழுத்து இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

ஆகவே என் எண்ணத்தில், தவறு பிப்ரவரி 9 இரவில் நடக்கவில்லை. ஜனவரி 3க்கும் 23க்கும் நடுவில், அவர் நன்றாகப் பேசக்கூடிய நாட்களில், யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டிருக்க வேண்டும்: விட்டம் 6 தாண்டினால்? சிறுநீரகம் நின்றால்? நினைவு தப்பினால்? வென்டிலேட்டரில் ஒரு மாதம் என்றால்? அப்போதும் வேண்டாமா? பதிலை அவர் வார்த்தையிலேயே எழுதிவைத்திருந்தால், அந்த இரவில் நூனும் மயக்க மருந்து நிபுணர்களும் குடும்பமும் எதிரெதிரே நின்றிருக்க வேண்டியதில்லை. தன் ஆசானிடம் அப்படிக் கேட்க எத்தனை பேருக்கு வாய் வரும் என்பதும் எனக்குப் புரிகிறது. புகழ்பெற்ற நோயாளிக்குச் சில சமயம் சாதாரண நோயாளிக்குக் கிடைக்கும் நேரான பேச்சு கிடைக்காமல் போகிறது.

காலம் தள்ளியதன் விலையும் அந்த மருத்துவமனை நாட்களில் தெரிகிறது. ஜனவரி 3ல் சிறுநீரகம் வேலை செய்தது, நினைவு இருந்தது, தசையில் வலு இருந்தது. அதே அறுவை அன்றைக்கு நடந்திருந்தாலும் 97 வயதில் ஆபத்துதான், இறந்தும் போயிருக்கலாம். ஆனால் பிழைத்திருந்தால் டயாலிசிஸும் ஆறு வார வென்டிலேட்டரும் இல்லாமல் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று நான் நம்புகிறேன். தமனி அறுவையில் நோயாளி எந்த நிலையில் மேசைக்கு வருகிறார் என்பதே பாதி முடிவு. 1946ல் அவரே எழுதிய போர்க்காயக் கணக்கும் இதைத்தான் காட்டியது: நேரம் கடந்து வந்தவர்களுக்குத் தைப்பது கைகூடவில்லை.

இன்றைக்கு இதே நோயாளி வந்தால் என்ன மாறியிருக்கும்? தொடை இடுக்கில் சின்னத் துளை போட்டு, தமனி வழியாகவே உறையிட்ட ஸ்டென்ட் என்ற வலைக்குழாயைக் கொண்டுபோய் உள்ளே விரிக்கும் முறை வந்துவிட்டது. 1987ல் அன்றைய சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிகலாய் வொலொடோஸும், 1990ல் புவெனஸ் ஐரஸில் ஹுவான் பரோடியும் தொடங்கியது. இறங்கும் பெருந்தமனிக் கிழிசலுக்கு, அதாவது மூன்றாம் வகைக்கு, அது பெரிய வரம். மார்பைத் திறக்காமலே கிழிசலின் வாயை அடைத்துவிடலாம். ஆனால் டிபேக்கிக்கு வந்த இரண்டாம் வகையில் இன்றும் முதல் தேர்வு மார்பைத் திறந்து செய்யும் அறுவைதான். இதய வால்வும் இதயத்துக்கே இரத்தம் தரும் தமனிகளும் ஒரு பக்கம், மூளைக்குப் போகும் கிளைகள் மறுபக்கம். நடுவில் இருக்கும் அந்தச் சில சென்டிமீட்டரில், ஒவ்வொரு துடிப்புக்கும் அசையும் இடத்தில், ஸ்டென்டை நிறுத்துவது இன்னும் கடினம்.

கணிப்பு விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிபேக்கியே முதலில் மாரடைப்பு என்று நினைத்தார் என்றால், மற்றவர்கள் ஏமாறுவதில் வியப்பில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் மாரடைப்பு என்று முடிவுகட்டி இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால், கிழிசல் உள்ளவருக்கு அது உயிரைப் பறிக்கும். தொடக்கத்திலேயே உச்சத்தில் வரும் வலி, முதுகுக்கோ கழுத்துக்கோ நகரும் வலி, இரண்டு கைகளிலும் இரத்த அழுத்தம் வேறுவேறாக இருப்பது, இவை தெரிந்தால் ஊசிக்கு முன் சிடி ஸ்கேன். இந்த நோய் வருபவர்களில் பெரும்பாலோருக்குப் பல வருடமாக உயர் இரத்த அழுத்தம் இருக்கும். மார்ஃபான் போன்ற பிறவிக் குறைபாடு உள்ள குடும்பங்களில் இளைஞர்களுக்கும் வரும். வீட்டில் ஒருவருக்கு வந்திருந்தால், கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. கிழிவதற்கு முன்னால் 5.5ல் பிடித்துவிட்டால், அது பகலில், திட்டமிட்டு, நிதானமாகச் செய்யும் அறுவை.

டிபேக்கி 2008 ஏப்ரல் 23 அன்று வாஷிங்டனுக்குப் போய் அமெரிக்கக் காங்கிரஸின் தங்கப் பதக்கத்தை வாங்கினார். அந்த ஆண்டு ஜூலை 11 அன்று ஹூஸ்டனில் இறந்தார். 100 வயதாக இரண்டு மாதம் இருந்தது. நூன் அவருக்குள் அந்த டேக்ரான் குழாயைத் தைத்து அப்போது இரண்டு வருடம் ஐந்து மாதம் ஆகியிருந்தது.